பாதிக்கப்பட்டவரே தன் வழக்கைப் புத்தகமாக எழுதினால் எதை அச்சிடலாம், எதில் கை வைக்கக் கூடாது?

தக்கலை வாசகசாலை

குமரி மாவட்டத்தில் நடந்த ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கை, புகார் கொடுத்ததில் தொடங்கித் தீர்ப்பு வரை, பாதிக்கப்பட்ட பெண்ணே எழுதியிருக்கிறார். பதிப்பிக்க ஆள் இருக்கிறது. அவர் யார், எந்த ஊர், என்ன நடந்தது என்று இங்கே யாரும் கேட்க வேண்டாம். நானும் சொல்ல மாட்டேன்.

தெரிய வேண்டியவை இவைதான். சொந்தப் பெயரில் வெளியிடலாமா? கோர்ட்டில் நடந்த கேள்வி பதிலை அப்படியே போடலாமா? போலீஸ், ஆஸ்பத்திரி, கோர்ட் பற்றி எழுதும் இடங்களில் வழக்கமாக எங்கே தப்பு வருகிறது? விவரம் தெரிந்தவர்கள் விரித்தே எழுதுங்கள்.

கருப்புக்கோட்டு

பெயரில் இருந்து தொடங்குகிறேன். பாரதிய நியாய சன்ஹிதா (பி.என்.எஸ்.) 72ஆம் பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்தில் 228ஏ. வன்புணர்ச்சி வழக்கில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ, அவர் யாரென்று காட்டிக்கொடுக்கும் எதையுமோ அச்சிட்டால் 2 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். ஆனால் அதே பிரிவில் வழியும் இருக்கிறது: அவரே எழுத்தில் அனுமதி கொடுத்தால் குற்றமில்லை. நிபுண் சக்சேனா வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாக்கியது. வயதுவந்த பெண் தானே விரும்பி, தெரிந்தே அனுமதித்தால் பெயரைப் போடலாம்.

அவரே எழுதிய புத்தகத்துக்கு அனுமதிக் கடிதம் எதற்கு என்று பதிப்பாளர் கேட்பார். அச்சடிப்பவர், பதிப்பிப்பவர், ஒரு அத்தியாயத்தை எடுத்துப் போடும் வாரப்பத்திரிகை என்று ஆளாளுக்கு இந்தப் பிரிவு பாயும். அதனால் தனித்தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். நூலின் தலைப்பு, எந்தப் பெயரில் வருகிறது, படம் உண்டா, அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு இவற்றில் எதெதற்கு அனுமதி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அச்சுக்குப் போகும்வரை அனுமதியைத் திரும்பப் பெறலாம் என்று ஒரு வரியும் சேருங்கள். பக்கத்துக்குப் பக்கம் அவர் கையெழுத்து.

அப்பா, கணவர், அண்ணன் போடும் கையெழுத்து இதற்கு உதவாது. நெருங்கிய உறவினர் அனுமதி என்பது பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டாலோ, குழந்தையாக இருந்தாலோ, சித்த சுவாதீனம் இல்லாதவராக இருந்தாலோ மட்டும்தான். அதையும் அங்கீகாரம் பெற்ற நல அமைப்புக்குத்தான் கொடுக்க முடியும், பதிப்பகத்துக்கு இல்லை.

ஒரு கேள்வி: சம்பவத்தின்போது அவருக்கு 18 முடிந்திருந்ததா? பொதுவில் பதில் சொல்ல வேண்டாம். ஆனால் எல்லாம் அதில்தான் நிற்கிறது.

தக்கலை வாசகசாலை

இரண்டு விதமாகவும் சொல்லிவிடுங்கள் அண்ணே. வேறு யாருக்காவது உதவும்.

கருப்புக்கோட்டு

18க்குக் கீழே என்றால் போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டம்) 23ஆம் பிரிவு. குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் எதுவும் ஊடகத்தில் வரக் கூடாது. அனுமதிக்கும் அதிகாரம் சிறப்பு நீதிமன்றத்துக்கு மட்டும். குழந்தையின் நலனுக்கு என்று காரணத்தை எழுதி வைத்துத்தான் அனுமதிக்கும். பெற்றோர் சம்மதத்துக்கோ குழந்தையின் சம்மதத்துக்கோ அந்தப் பிரிவில் இடமே இல்லை.

வேளிமலை

அன்று 15 வயது, இன்று 27 என்றால்? தன் கதையைத் தன் பெயரில் சொல்ல ஒரு வயதுவந்த பெண் கோர்ட்டில் போய் நிற்க வேண்டுமா? அந்தப் பிரிவு குழந்தையைப் பாதுகாக்க வந்தது, வளர்ந்தவளின் வாயைக் கட்ட அல்ல.

கருப்புக்கோட்டு

வாதமாக எடுத்தால் நான் உங்கள் பக்கம்தான். ஆனால் தடை கேட்டு குற்றம்சாட்டப்பட்டவர் தரப்பு மனுப் போட்டால், அந்த வாதத்தை அச்சடித்த ஆயிரம் பிரதியைக் குடோனில் வைத்துக்கொண்டு பேச வேண்டிவரும். வழக்கை விசாரித்த சிறப்பு நீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரத்தோடு ஒரு மனு போட்டு உத்தரவு வாங்கினால் பிரச்சினை அங்கேயே தீரும். அது வேண்டாம் என்றால் புனைபெயர், அடையாளம் துளியும் இல்லாத பிரதி. நடுவில் மூன்றாவது வழி எனக்குத் தெரிந்து பத்திரமானது இல்லை.

பழைய கட்டு

கோர்ட் நடவடிக்கை பற்றி நான் சொல்கிறேன். பெரும்பாலான பதிப்பாளர்கள் 72ஐக் கேள்விப்பட்டிருப்பார்கள். அடுத்த பிரிவு 73ஐ யாரும் பார்ப்பதில்லை. இந்த வகை வழக்கின் நீதிமன்ற நடவடிக்கை தொடர்பான எதையும் அந்தக் கோர்ட்டின் முன் அனுமதி இல்லாமல் அச்சிட்டால் அதற்கும் 2 ஆண்டு வரை. விசாரணையே பூட்டிய அறையில் நடப்பது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) 366, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 327. அங்கேயும் இதே தடை எழுதியிருக்கிறது. பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் 72 அனுமதிக் கடிதம் 73க்குச் செல்லாது. இரண்டும் வேறு வேறு பூட்டு.

விலக்கு ஒன்று உண்டு: உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை அச்சிடுவது குற்றமில்லை. அதனால் மேல்முறையீடு மதுரைக் கிளைக்குப் போயிருந்தால், அந்தத் தீர்ப்பில் மேற்கோள் காட்டப்பட்ட சாட்சியப் பகுதியை எடுத்தாளலாம். நாகர்கோவில் மகளிர் நீதிமன்றத்துச் சாட்சியத் தாளை நேரடியாகப் போடுவதென்றால் அனுமதி வேண்டும்.

இன்னொன்று. வாக்குமூலத் தாளை வாசித்துப் பழகாதவர்களுக்கு அது விநோதமாக இருக்கும். வக்கீல் கேட்ட கேள்வி பெரும்பாலும் அதில் இருக்காது. கேள்வியை விழுங்கிய பதில்தான் தட்டச்சாகும். 'சம்பவத்தன்று நான் எதிரியுடன் விரும்பித்தான் சென்றேன் என்று சொன்னால் சரியல்ல. முன்விரோதம் காரணமாகப் பொய்ப்புகார் கொடுத்துள்ளேன் என்று சொன்னால் சரியல்ல.' இப்படியே வரிவரியாகப் போகும். எதிரி என்றால் குற்றம்சாட்டப்பட்டவர். அ.சா.1 என்றால் அரசுத் தரப்பு முதல் சாட்சி, இந்த வழக்குகளில் பெரும்பாலும் அந்தப் பெண்ணேதான். இதைக் கேள்வி பதில் உரையாடலாக மாற்றி எழுதினால் அது ஆவணம் இல்லை, நினைவு. அப்படியே 'என் நினைவில் உள்ளபடி' என்று முன்குறிப்பில் போட்டுவிட வேண்டும். மேற்கோள் குறி போட்டு ஆவணம் போலக் காட்டக் கூடாது.

மெய்ப்பு

அந்தச் 'சரியல்ல' வரிசையை அனுமதி வாங்கியாவது ஒரு பக்கம் முழுசாகப் போடச் சொல்லுவேன் ஐயா. ஆசிரியர் எவ்வளவு எழுதினாலும் அந்தப் பக்கம் செய்கிற வேலையைச் செய்யாது.

பழைய கட்டு

சம்மதம். நகல் மனுவில் அவரது சாட்சியம், தீர்ப்பு, மருத்துவச் சான்று மூன்றுக்கும் சேர்த்தே கேட்கச் சொல்லுங்கள். மேல்முறையீடு போயிருந்தால் மூலக்கட்டு (வழக்கின் அசல் ஆவணங்கள்) மதுரைக்குப் போயிருக்கும். அதை விசாரிக்காமல் இங்கே மனுப் போட்டால் 'கட்டு இல்லை' என்று திரும்பி வரும்.

நைட் டூட்டி

ஆஸ்பத்திரி அத்தியாயம் எழுதுகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, 'எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் பரிசோதனை' என்று எழுதுவது. அப்படிக் கிடையாது. பெண் நேரடியாகவே வரலாம், அரசு, தனியார் எதுவானாலும் இலவச முதலுதவியும் சிகிச்சையும் உடனே கொடுத்து, போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும் (பி.என்.எஸ்.எஸ். 397). கொடுக்காத ஆஸ்பத்திரிப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. போலீஸ் வழியாக வந்தால் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். டாக்டர் 7 நாளுக்குள் அறிக்கையை விசாரணை அதிகாரிக்குக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அவர் சம்மதம் வேண்டும். சிகிச்சை மட்டும் போதும், மாதிரி எடுக்க வேண்டாம் என்றும் சொல்லலாம். அதைக் குறித்துவைத்துவிட்டு சிகிச்சையைத் தொடர வேண்டும்.

மாதிரி எடுப்பதை எழுதும்போது சினிமா மாதிரி எழுதாதீர்கள். பஞ்சுக்குச்சியில் எடுத்ததை நிழலில் காற்றாட உலரவிட்டுத்தான் உறையில் போடுவார்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. கெட்டுப்போகும். உடுப்பும் அப்படித்தான், ஒவ்வொன்றும் தனித்தனிக் காகித உறை. பிளாஸ்டிக் கவர் ஆகவே ஆகாது. நம்ம ஊர் மழைக்காலத்தில் நனைந்த சுடிதாரை நைலான் பையில் சுருட்டிக் கொண்டுவருவதுதான் அதிகம் கெடுக்கிறது. 96 மணி நேரம் வரை மாதிரி எடுக்கலாம் என்பது 2014இல் மத்திய சுகாதார அமைச்சகம் கொடுத்த வழிகாட்டுதல். குளித்துவிட்டார் என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது. கருத்தடை மாத்திரையையும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. எச்.ஐ.வி. மருந்து 28 நாள், நடுவில் விடக் கூடாது. குமட்டல் அதிகம் இருக்கும், பலர் விடுவது அதனால்தான்.

இரு விரல் சோதனை (பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்ப்பது) நடந்ததாகப் பிரதியில் இருந்தால் அதை அழிக்காதீர்கள். 2022 ஏப்ரலில் மதுரைக் கிளை அதை நிறுத்தச் சொன்னது, அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம், செய்பவர் ஒழுங்குமீறலுக்குப் பொறுப்பாவார் என்றே சொன்னது. எந்த ஆண்டில் நடந்தது என்பது முக்கியம்.

அப்புறம் ஏ.ஆர். காப்பி. அவசரப் பிரிவில் முதலில் எழுதும் விபத்துப் பதிவேடு அது. யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று டாக்டர் ஒரு வரியில் குறிப்பார். அந்த ஒரு வரிக்கும் எஃப்.ஐ.ஆருக்கும் நேரம் அரை மணி மாறினால் குறுக்கு விசாரணையில் அதைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

கருப்புக்கோட்டு

சிஸ்டர் கடைசியில் சொன்னது நூற்றுக்கு நூறு. சேர்த்துக்கொள்ள வேண்டியது: காயம் இல்லை, அதனால் சம்மதம் என்பது சட்டத்தில் கிடையாது. எதிர்த்துப் போராடவில்லை என்ற ஒரே காரணத்தால் சம்மதித்ததாகக் கொள்ள முடியாது என்று வன்புணர்ச்சி வரையறையிலேயே இருக்கிறது. தாமதமாகப் புகார் கொடுத்ததும் வழக்கை வீழ்த்தாது, 1996இல் குர்மீத் சிங் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பிரிவு எண்களில் எச்சரிக்கை. புதுச் சட்டங்கள் 2024 ஜூலை 1 முதல். அதற்கு முன் நடந்த சம்பவம் என்றால் வன்புணர்ச்சிக்குப் பழைய சட்டத்தின் 376தான், புதியதன் 64 இல்லை. மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த ரகசிய வாக்குமூலத்துக்கும், போலீஸ் விசாரணை அதற்கு முன்பே தொடங்கியிருந்தால் 164, பிறகு என்றால் 183. ஆனால் புத்தகம் இன்று வெளியாகிறது என்றால் வெளியீட்டுக் குற்றத்துக்கு 72, 73தான் பொருந்தும். இதைக் குழப்பிய பிரதிகள் நிறைய.

கடலோரம்

ஒரு சந்தேகம். நம்ம கடற்கரை ஊர்கள்ல ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்ன ஊர் கமிட்டியில, பங்குப் பேரவையில (சர்ச் நிர்வாகக் குழு) பேசித் தீர்க்கப் பார்ப்பாங்க. பணம், இல்லேன்னா கல்யாணம். அதை எழுதினா எழுதினவுக மேல கேஸ் வருமா?

கருப்புக்கோட்டு

வன்புணர்ச்சி சமரசம் செய்துகொள்ளக்கூடிய குற்றமே இல்லை. 2015இல் மதன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சமரசப் பேச்சுக்கே இடமில்லை என்றது. 2021இல் அபர்ணா பட் வழக்கில் நீதிபதிகளே கல்யாணம், சமாதானம் என்று யோசனை சொல்லக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. குழந்தை வழக்கென்றால் தெரிந்தும் புகார் சொல்லாதவருக்கே போக்சோ 21இல் 6 மாதம் வரை சிறை.

எழுதுகிற விதம்தான் முக்கியம் தம்பி. 'கமிட்டித் தலைவர்' என்று எழுதி ஊரையும் ஆண்டையும் சொன்னால் பெயர் போடாவிட்டாலும் ஒரே ஆள்தான். அவதூறு வழக்குப் போடலாம் (பி.என்.எஸ். 356). உண்மை, பொதுநலன் இரண்டும் இருந்தால் தப்பலாம். ஆனால் நிரூபிக்கும் சுமை எழுதியவர் தலையில். 'ஊர்ப் பெரியவர்கள் சிலர்' என்பதோடு நிறுத்துங்கள். சாட்சியத்தில் அந்தப் பேச்சு பதிவாகியிருந்தால் மட்டும், அனுமதி வாங்கி, அதே சொற்களில் போடலாம்.

எதிரியின் பெயருக்கும் இதே அளவுகோல். தண்டனை உறுதியாகி மேல்முறையீடும் முடிந்திருந்தால் ஒரு நிலை. மேல்முறையீடு நிலுவை என்றால் வேறு. விடுதலையாகியிருந்தால் பெயரைத் தொடவே வேண்டாம். சம்பவத்தின்போது அவனுக்கும் 18 ஆகவில்லை என்றால் இளைஞர் நீதிச் சட்டம் 74 தடுக்கும். 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், இரண்டும் விதிக்கலாம்.

வேளிமலை

கசப்பான ஒன்றையும் சொல்லவேண்டும். 1981இல் அமெரிக்காவில் சிரக்யூஸ் நகரில் தாக்கப்பட்ட மாணவி ஒருவர் 1999இல் அதை நூலாக எழுதினார். தண்டிக்கப்பட்டவர் 16 ஆண்டு சிறையில் இருந்தார். 2021 நவம்பரில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. பதிப்பகம் புத்தகத்தை நிறுத்தியது. அடையாள அணிவகுப்பில் அந்தப் பெண் காட்டியது வேறொருவரை. மிச்சமிருந்த ஆதாரம் நுண்ணோக்கியில் முடியை ஒப்பிட்டது, இன்று அந்த முறையை நம்புவாரில்லை. தாக்குதல் நடந்தது உண்மை; ஆளைத் தப்பாகப் பிடித்தது போலீசும் அரசுத் தரப்பும். அதனால் முன்பின் தெரியாதவர் எதிரியாக இருக்கும் வழக்கில், மாஜிஸ்திரேட் முன் அடையாள அணிவகுப்பு எப்போது நடந்தது, அதற்கு முன் ஸ்டேஷனிலோ போனிலோ படம் காட்டினார்களா என்பதைப் பிரதியில் நடந்தபடியே வைத்திருங்கள். எடிட்டர் 'வேகம் குறைகிறது' என்று வெட்டும் முதல் இடம் அதுதான்.

எல்லைக்கடை

களியக்காவிளைப் பக்கம் ஒரு சிக்கல் இருக்கு. வீடு இங்க, சம்பவம் கேரளத்துப் பாறசாலையில. இங்க போனா அங்க போங்கன்னு சொல்லுவாங்க.

கருப்புக்கோட்டு

சொல்லக் கூடாது. எல்லை எதுவானாலும் எந்த ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆர். போடலாம், பூஜ்யம் எண் கொடுத்து அந்த ஊர் ஸ்டேஷனுக்கு அனுப்புவார்கள் (பி.என்.எஸ்.எஸ். 173). நகல் இலவசம். பதிய மறுக்கும் அதிகாரிக்கு பி.என்.எஸ். 199இல் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை கடுங்காவல். மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்.

பெரும்பாலும் நடப்பது மறுப்பு இல்லை, சி.எஸ்.ஆர். ரசீது. 'மனு வாங்கிட்டோம், விசாரிக்கிறோம்' என்று கையில் ஒரு தாள் கொடுத்து அனுப்புவது. பலர் அதையே எஃப்.ஐ.ஆர். என்று நம்பி, பிரதியிலும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். எஃப்.ஐ.ஆரில் குற்ற எண்ணும் சட்டப்பிரிவும் இருக்கும். 14 நாள் முதற்கட்ட விசாரணை என்று புதுச் சட்டத்தில் வந்திருப்பது 3 முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு. வன்புணர்ச்சிக்குக் குறைந்ததே 10 ஆண்டு, அதனால் அந்தச் சாக்கு இங்கே செல்லாது.

பழைய கட்டு

பாறசாலை வழக்கென்றால் விசாரணை திருவனந்தபுரம் மாவட்டக் கோர்ட்டில், சாட்சியம் பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். தமிழில் போடுகையில் மொழிபெயர்ப்பு யாருடையது என்று குறிப்பிடுங்கள். 73க்கான அனுமதியும் அந்தக் கோர்ட்டில்தான்.

மெய்ப்பு

ஊர் அடையாளத்துக்கு வருகிறேன். சென்னையில் 'ஒரு வங்கி ஊழியர்' என்றால் யாருக்கும் தெரியாது. இங்கே 'அண்டி ஆபீசில் (முந்திரி ஆலை) வேலை, சர்ச்சுக்குப் பின்னால் வீடு, அப்பா வெளிநாட்டில்' என்றால் நாலு பேர் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. 'விளை' என்று முடிகிற ஊரை 'குறிச்சி' ஆக்கிவிட்டு, திருவிழாத் தேதியையும் பஸ் தடத்தையும் அப்படியே விட்டுவைப்பார்கள்.

கடற்கரையைக் குலசேகரம் பக்கம் நகர்த்துவதானால் எல்லாமே நகர வேண்டும். அங்கே ரப்பர் பால் வெட்டுகிறவர் விடியுமுன் எழுந்து போவார், மழை நாளில் வேலை இருக்காது. கடலுக்குப் போகிறவர் வீட்டு நேரம் வேறு. பேச்சும் அப்படித்தான்: விளவங்கோடு பேச்சையும் தோவாளைப் பேச்சையும் தாலுகாவரை பிரித்துச் சொல்ல இங்கே ஆள் உண்டு. அதற்காகப் பேச்சை உரைநடையாக்கிச் சப்பென்று ஆக்காதீர்கள்; நகர்த்திய இடத்துப் பேச்சுக்கு மாற்றுங்கள், ஆசிரியர் ஒப்புக்கொண்டால்.

வழக்கு எண், குற்ற எண், வாய்தா தேதி, நீதிபதி பெயர் நான்கையும் எடுத்துவிடுங்கள். நீதிமன்ற இணையதளத்தில் எண்ணைத் தட்டினால் எதிரியின் பெயர் வரும்; எதிரி தெரிந்தால் பெண்ணும் தெரிந்துவிடும். தேதிக்குப் பதில் 'கைதாகி மூன்றாம் மாதம்' என்று இடைவெளியாக எழுதலாம்.

எல்லாவற்றையும் மறைத்துவிட்டு நன்றிப் பக்கத்தில் கோட்டை விடுவார்கள். அக்கா பெயர், தோழி பெயர், வக்கீல் பெயர், படித்த கல்லூரி. படைப்புரிமைப் பக்கத்தில் நிஜப் பெயர். புனைபெயரில் வரும் நூலுக்கும் பதிப்புரிமை உண்டு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு. அதனால் அங்கேயும் புனைபெயரே போதும். ஒப்பந்தத்தில் மட்டும் நிஜப் பெயர், அதைப் பார்ப்பவர் யார் யார் என்றும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

நைட் டூட்டி

பின்னிணைப்பாக உதவி எண்கள் போடுவீர்கள் என்றால்: 181 மகளிர் உதவி, 1098 குழந்தைகள், 112 அவசரம், 15100 சட்ட உதவி. பெண்ணுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

கருப்புக்கோட்டு

இழப்பீடும் சேருங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு. 2018 தேசியத் திட்டப்படி வன்புணர்ச்சிக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு என்றால் 5 முதல் 10 லட்சம். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம், இடைக்கால இழப்பீடு கேட்கலாம். எதிரி விடுதலையானாலும் கேட்கத் தடையில்லை.

தக்கலை வாசகசாலை

அனைவருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. 73க்கு அனுமதி மனுப் போடப்போனால் அந்த மனுவிலேயே அவர் பெயர் வந்துவிடாதா? அன்றைய பட்டியலில் ஒட்டுவார்களே.

பழைய கட்டு

மனுதாரர் இடத்தில் 'பாதிக்கப்பட்டவர்' என்றோ ஓர் எழுத்தோ போட்டால் போதும். நிஜப் பெயரும் முகவரியும் தனி உறையில், முத்திரை வைத்து, மனுவோடு கொடுக்கலாம். மேல்முறையீட்டில்கூடப் பெயர் சொல்ல வேண்டியதில்லை என்று நிபுண் சக்சேனா தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்தப் பத்தியின் நகலை மனுவோடு இணையுங்கள். தாக்கல் செய்கிற வக்கீல் வக்காலத்திலும் கவனமாக இருக்க வேண்டும். பெயர் கசிவது பெரும்பாலும் மனுவில் அல்ல, வக்காலத்தில்தான்.